மருதுபாண்டி சார் முழுசாக்கிய வண்டு

எங்கள் மருதுபாண்டி சார் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர், மலரில் எனக்கு இரண்டு பக்கம். "சாரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடு லெட்சுமி, நீதான் அவரோட பன்னெண்டு வருசமா இருந்திருக்க" என்று அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து போன் செய்து சொன்னார்கள். நல்லதாக நாலு வார்த்தை! நானும் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். நேரத்துக்கு வருவார். சட்டை கசங்காது. யாரிடமும் கைநீட்டியதில்லை. மூன்றோடு நின்றுவிட்டது. நாலாவது வரவே மாட்டேன் என்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் வீரலட்சுமி, மானகிரிக்காரி. விலங்கியல் படித்துவிட்டு, காரைக்குடி செக்காலையில் இருக்கிற எங்கள் அருங்காட்சியகத்தில் வண்டுகளுக்கு அட்டவணை எழுதுகிறேன். அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ரங்கூனில் மரக்கடை வைத்திருந்த வள்ளியப்பன் செட்டியாருக்கு, மரத்தைத் துளைக்கிற வண்டுகளோடு ஆதியில் சண்டை. சண்டை போட்டவர் கடைசியில் அதுகளைப் பிடித்துச் சேர்க்கிற பைத்தியமாகிவிட்டார். பர்மாவிலும் நம் ஊரிலுமாக முப்பது வருடத்தில் பதினோராயிரம் வண்டு சேர்த்தார். அவர் கட்டிப்போட்ட வீடுகளில் ஒன்றில் அந்த வண்டுகள் இருக்கின்றன. முன்கட்டு காட்சிக்கூடம், பின்கட்டு சேகரிப்பு அறை. பின்கட்டில் நான். கூட்டித் துடைக்கவும் பெட்டி தூக்கவும் பெத்தண்ணன். எங்கள் இருவர் தலைக்கும் மேலே காப்பாளர் மருதுபாண்டி சார்.

என் வேலையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வண்டும் ஓர் ஊசியில் குத்தியிருக்கும். அதே ஊசியில் வண்டுக்குக் கீழே சின்னச் சின்னச் சீட்டுகள் இருக்கும். எந்த ஊர், எந்த நாள், பிடித்தது யார், பார்த்துப் பெயர் சொன்னது யார் என்று அதில் எழுதியிருக்கும். சீட்டு போனால் வண்டு வெறும் செத்த பூச்சி. இதில் சிலதுக்கு மட்டும் சிவப்புச் சீட்டு. ஒரு வகை வண்டுக்கு உலகத்தில் முதன்முதலாகப் பெயர் வைத்தபோது, எந்த ஒரு வண்டைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தார்களோ அந்த வண்டு அது. மூலமாதிரி என்போம். கடையில் முத்திரை போட்ட எடைக்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் இதோடு வைத்துத்தான் ஒத்துப்பார்க்க வேண்டும். அதைவிட நல்ல வண்டு, அழகான வண்டு, முழு வண்டு எது கிடைத்தாலும் அது இதற்குப் பதிலாகாது.

எங்களிடம் சிவப்புச் சீட்டு வண்டு இருபத்து மூன்று இருக்கிறது. அதில் ஒன்று எங்கள் ஊர் வண்டு. 1934 ஐப்பசியில் செட்டியார் மானகிரிக் கருவேலங்காட்டில் பிடித்தது. பொன்வண்டு வகையறா, சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். சீட்டில் ஆங்கில எழுத்தில் மானகிரி என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். பெயர் வைத்தவரும் வண்டின் பெயரிலேயே மானகிரியைச் சேர்த்துவிட்டார். அதற்கப்புறம் இன்னொன்றைப் பிடித்தவர் கிடையாது. காடு இருந்த இடத்தில் இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். உலகத்திலேயே அந்த வகைக்கு இருப்பது இந்த ஒன்றுதான். எங்கள் ஊருக்கு பஸ் கூட ஒழுங்காக நிற்காது. அப்படிப்பட்ட ஊர் ஒரு வண்டின் முதுகில் ஏறி உலகப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பார்க்க லட்சணமாக இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். வலது முன்கால் இல்லை. இடப்பக்கம் நடுக்காலும் பின்காலும் இல்லை. ஒரு மீசை மூன்றாவது கணுவோடு போய்விட்டது. இடது சிறகு ஓட்டில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று, அவரை விதை வடிவத்தில். இது எல்லாவற்றையும் அளந்து பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இருபத்து மூன்றுக்கும் அப்படித்தான். மருதுபாண்டி சார் ஒருநாள் அந்தப் பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"ஏத்தா, பொண்ணு பாக்கப் போன எடத்துல குத்தங்குறைய மட்டும் எழுதிட்டு வந்தவ மாதிரியில்ல எழுதி வச்சிருக்க! நல்லதா ஒண்ணுகூடவா ஒன் கண்ணுல படல?"

சார் எப்பேர்ப்பட்டவர் என்று இனி சொல்கிறேன். பிறந்தது நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்தில். நாலு ஏக்கர் விவசாயக் குடும்பம். கல்லூரியில் வரலாறு படிக்கப் போய் இரண்டு பேப்பரை விட்டுவிட்டு வந்தார். அப்புறம் கானாடுகாத்தானில் இதே செட்டியார் குடும்பத்தின் பெரிய வீடு விடுதியாக ஓடுகிறதே, அங்கே இருபது வருடம் மேற்பார்வை. அந்த வேலையில் ஆள் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. நூறு பீங்கான் கோப்பையில் ஒன்றில் மயிரிழை கீறல் இருந்தாலும் வாசற்படியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். கால் ஆடுகிற நாற்காலி, மூலை உடைந்த கண்ணாடி, கைப்பிடி போன செம்பு எதையும் ஒருநாள் வைத்திருக்க மாட்டார். "விருந்தாளி கண்ணுல பின்னமானது படக்கூடாது" என்பது அவருடைய ஒரே வேதம். குடும்பத்தின் மூத்த மருமகள், அறக்கட்டளையைக் கையில் வைத்திருக்கிறவர், நாங்கள் ஆச்சி என்று சொல்கிறவர், அதில் குளிர்ந்துபோய், "அந்த வண்டு வீட்டையும் மருதுபாண்டியே பாத்துக்கிறட்டும்" என்று சொல்லிவிட்டார். கூட்டிப் பெருக்கி வைக்கத் தெரிந்தவனுக்கு எதையும் கட்டி மேய்க்கத் தெரியும் என்று வசதியானவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அப்படித்தான் இவர் எங்கள் தலையில் வந்து இறங்கினார்.

வந்த வருடமே முன்கட்டில் இருந்த நாற்பது வண்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசினார். "மங்கிப்போய்க் கெடந்துச்சு. இப்பப் பாரு, என்னமா மின்னுது!" என்று என்னைக் கூப்பிட்டு வேறு காட்டினார். மூன்றாம் நாள் எறும்பு வரிசை கட்டி வந்தது. வந்த எறும்புக்குப் பெத்தண்ணனைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த நாற்பதைத் துடைத்து எடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. இதில் வேடிக்கை, மனிதருக்குப் பூச்சி என்றாலே குமட்டும். பன்னிரண்டு வருடத்தில் சேகரிப்பு அறைக்குள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தாமல் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஆசைக்கு மட்டும் குறைவில்லை. வாசலில் கருங்கல் பலகை வைத்து, அதில் காப்பாளர்கள் பெயரை வரிசையாகப் பொறிக்க வேண்டும் என்று வருடத்துக்கு ஒரு கடிதம் ஆச்சிக்குப் போகும். இதுவரை இருந்த காப்பாளர் இவர் ஒருவர்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வண்டுக்கெல்லாம் ஆளுக பேரு வைக்கிறாகளாமே. நம்ம பேர்ல ஒண்ணு வைக்க முடியுமா?"

"புதுசா கண்டுபிடிக்கணும் சார்."

"இத்தனை கெடக்கே, இதுல ஒண்ணக் கண்டுபிடிச்சதா எழுத முடியாதா?"

இவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

போன புரட்டாசியில் தவ்ஹீத் வந்தார். இளையான்குடிக்காரர், பெங்களூரில் வண்டு ஆராய்ச்சி செய்கிறார். முப்பது வயதிருக்கும். பொன்வண்டுகளைப் பற்றி அவர் எழுதுகிற பட்டியலில் ஒரு சிக்கல். பர்மாவில் இதே சாடையில் ஒரு வண்டு உண்டு. மானகிரி வண்டும் அதுவும் ஒரே வகைதான், செட்டியார் தெரியாமல் இரண்டாவது பெயருக்கு வழி பண்ணிவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அது உண்மையென்றால் பர்மாப் பெயர்தான் மூத்தது, அதுதான் நிற்கும். மானகிரிப் பெயரை அடித்துவிடுவார்கள். அதை நேரில் ஒத்துப்பார்க்கத்தான் பர்மா வண்டு ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

எங்கள் வண்டு அப்போது முன்கட்டுக் கண்ணாடிப் பேழையில் இருந்தது. தை மாதம் ஆச்சி பார்க்க வந்தபோது, சிவப்புச் சீட்டு வைத்ததில் ஒன்று நடுப்பேழையில் இருக்க வேண்டும் என்று சார்தான் எடுத்து வைத்திருந்தார். பேழைச் சாவி அவர் மேசையிலேயே இருக்கும். அதை வாங்கித் திறந்து, சீட்டைப் பார்த்த கையோடு வண்டை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைக்குப் பரீட்சை முடிவு வருகிற நேரத்தில் உட்காருவோமே, அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். தவ்ஹீத் ஒரு மணி நேரம் இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார்.

"ஒண்ணுதான் அக்கா. ஒரு புள்ளிகூட மாறல. மானகிரிப் பேரை எடுத்துர வேண்டியதுதான்."

"சரி தம்பி" என்றேன். அறிவு என்று ஒன்று இருக்கிறது, ஊர்ப் பாசத்துக்காக அதை வளைக்க முடியுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தன் கட்டுரைக்காக என் பதிவேட்டைப் பார்த்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். மறுபடியும் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார்.

"அக்கா, மூணு கால் இல்லைன்னு எழுதியிருக்கீக. இதுக்கு ஆறும் இருக்கே?"

எட்டிப் பார்த்தேன். ஆறு கால், இரண்டு மீசை. சிறகு ஓட்டில் ஓட்டை இல்லை, கீறல் இல்லை. செத்துத் தொண்ணூறு வருடமான வண்டுக்குக் கால் முளைத்திருக்கிறது!

சீட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் அசல். செட்டியார் கையெழுத்து, சிவப்புச் சீட்டு, வரிசை மாறாமல் அப்படியே இருந்தன. வண்டுதான் வேறு. நேரே சார் அறைக்குப் போனேன். தவ்ஹீத் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

"சார், மானகிரி வண்டை யாரு மாத்துனது?"

சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. யாராவது கவனித்துக் கேட்க மாட்டார்களா என்று எட்டு மாதமாகக் காத்திருந்தார் போலிருக்கிறது.

"நாந்தான். ஆச்சி வாராகன்டு எடுத்துப் பாத்தா, கால் இல்ல, மீசை இல்ல, முதுகுல ஓட்டை. சிவப்புச் சீட்டு வேற குத்தி வச்சிருக்க, விசேசமானதுன்டு. விசேசமானது பின்னமா இருக்கலாமா? சாமி படத்துக் கண்ணாடியில கீறல் விட்டாலே வீட்டுல வைக்க மாட்டோம். உபரிப் பெட்டியில அதே சாடையில முழுசா ஒண்ணு கெடந்துச்சு. பின்னமானதக் கழட்டிட்டு அதே ஊசியில இதக் குத்தி, சீட்டையெல்லாம் ஒண்ணு விடாம வரிசையா கோத்தேன். ஒரு சீட்டு கசங்கியிருக்கா, பாரு!"

ஒரு சீட்டு கசங்கவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரைகுறையாகச் செய்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேனே! உபரிப் பெட்டி என்று அவர் சொன்னது செட்டியார் பர்மாவில் பிடித்த வண்டுகள் இருந்த பெட்டி. பர்மா வண்டுக்கு மானகிரி விலாசத்தை மாட்டிவிட்டு, அதைப் பர்மா வண்டோடு ஒத்துப்பார்த்தால் ஒன்றாகத்தானே இருக்கும்? எங்கள் ஊர் வண்டு என்று ஒன்று இருந்ததே பொய் என்று உலகத்துக்கு எழுத இருந்தோம்.

"அந்த முழு வண்டுக்கு இருந்த சீட்டெல்லாம் எங்க சார்?"

"பழைய காயிதம்தான? குப்பையில போட்டேன்."

"எங்க வண்டு? அதையும் குப்பையிலயா போட்டீக?"

"என்னயப் பாத்தா கூறுகெட்டவனாத் தெரியுதா ஒனக்கு? பின்னமானதக் குப்பையில போடுவாகளா? மொறையா குங்குமம் வச்சு, பெத்தன்கிட்டக் குடுத்து ஊருணிக் கரையில வைக்கச் சொல்லிட்டேன்."

விவரம் எழுதிய சீட்டைக் குப்பையில் போடுவாராம். செத்த பூச்சிக்குக் குங்குமம் வைப்பாராம். பன்னிரண்டு வருடம் இந்த மனிதருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

தவ்ஹீத் பொறுமையான பிள்ளை. உள்ளே வந்து, மூலமாதிரி என்றால் என்ன என்று மெதுவாக விளக்கினார். சார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, நீங்க நம்ம சீமைக்காரர். எதுக்கு அலையுறீக? முழுசா இருக்கிறதையே பாத்து எழுதுனா ஒங்களுக்கும் வசதிதான?" என்றார்.

"சார், ஆதார் அட்டையில ஒருத்தரு மூஞ்சி நல்லால்லைன்னு அழகா இருக்கிற வேற ஒருத்தரு படத்தை ஒட்டுன மாதிரி இருக்கு நீங்க செஞ்சது" என்றார் தவ்ஹீத்.

சாரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. தவ்ஹீத்தைக் காபி குடிக்கப் போகச் சொன்னார். அவர் போனதும் அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பங்குனியில் செய்த வருடாந்திரச் சரிபார்ப்புத் தாள். சிவப்புச் சீட்டு இருபத்து மூன்றும் பெட்டி திறந்து பார்க்கப்பட்டன, பதிவேட்டின்படி சரியாக உள்ளன. கீழே கையெழுத்து, வீரலட்சுமி.

"நான் தையில மாத்தினேன். நீ பங்குனியில சரின்டு கையெழுத்துப் போட்டிருக்க" என்றார். "நான் பூச்சியப் பத்தி ஒண்ணும் தெரியாதவன். ஆச்சி என்னய மன்னிச்சிருவாக. நீ படிச்சவ. ஒன்னய மன்னிப்பாகளா? ஒன் வேலை ஒப்பந்தம் வேற அடுத்த மாசம் புதுப்பிக்கணும். நாந்தான் எழுதணும். அந்தத் தம்பிய அனுப்பி விட்ரு. ரெண்டு பேருக்கும் நல்லது."

இத்தனை நேரம் அவரைக் காறித் துப்பிக்கொண்டிருந்தவள் நான். இப்போது என் பங்கையும் சொல்ல வேண்டும். பங்குனியில் இருபத்திரண்டைப் பெட்டி திறந்துதான் பார்த்தேன். இந்த ஒன்று முன்கட்டுப் பேழையில் பூட்டியிருந்தது. சாவி கேட்க சார் அறைக்குப் போக வேண்டும், போனால் கருங்கல் பலகைக் கதையை அரை மணி நேரம் கேட்க வேண்டும். மூன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தரைக்கு. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிவப்புச் சீட்டு தெரிந்தது. மானகிரி என்று எழுதியிருந்தது. சீட்டைப் பார்த்தேன், வண்டைப் பார்க்கவில்லை. சரி என்று போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். எங்கள் ஊர் வண்டு, என் உசிர், அது இது என்று பீற்றிக்கொள்கிறவளின் லட்சணம் இது. அவருக்காவது தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு நிமிடம் யோசித்தேன். பொய் சொல்லவில்லை, ஒரு நிமிடத்துக்கு மேலேயே யோசித்தேன். வீட்டில் சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். தவ்ஹீத்தை அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வண்டைக் கேட்டு அடுத்த ஆள் வர இன்னொரு முப்பது வருடம் ஆகும். மானகிரிப் பெயர் போனால் எங்கள் ஊரில் ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கப்போவதில்லை. இவ்வளவையும் யோசித்தேன். அப்புறம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து தவ்ஹீத் கையில் கொடுத்தேன்.

"இதுல பொய்க் கையெழுத்துப் போட்டது நான் தம்பி. இதையும் எழுதிக்கங்க. இப்ப வாங்க, ஊருணிக்குப் போகணும்."

பெத்தண்ணன் தோட்டத்தில் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்துவிட்டார். "சார் குடுத்தாக, நான் வச்சேன் ஆத்தா. வெறுங்கையில கொண்டுபோறது பாவம்ன்டு, காலிக் குங்கும டப்பாவுல போட்டு மூடி, மரப் பொந்துல வச்சேன். படுபாவி, எனக்குத் தெரியலையே!" அவரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு இட்ட வேலையை அவர் ஒழுங்காகச் செய்திருந்தார்.

மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். ஊருணிக் கரை வேப்பமரத்தடியை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத சாமியெல்லாம் அங்கேதான் வந்து சேரும். கண்ணாடி உடைந்த முருகன், தண்ணீர் பட்டு முகம் கரைந்த லட்சுமி, மூக்கு போன மண் பிள்ளையார். நாங்கள் போனபோது தரை சுத்தமாக இருந்தது. நாலைந்து படம்தான் சாய்ந்திருந்தன. பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அம்மா, "சதுர்த்திக்குக் கூட்டி அள்ளிட்டாகளே" என்றார். மரத்தடிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். தொண்ணூறு வருடம். செட்டியாரோடு ரங்கூன் போய்த் திரும்பிய கப்பல் பயணத்திலும் உலகச் சண்டைக்காலத்திலும் சாகாத சங்கதி, ஒரு கூறுகெட்ட மனிதரிடமும் ஒரு சோம்பேறிக் கழுதையிடமும் மாட்டிச் செத்துப்போயிற்று என்று வாய்விட்டே சொன்னேன்.

"தரையில வைக்கல ஆத்தா, மேல" என்றார் பெத்தண்ணன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பொந்து. கையை விட்டார். ஒரு குங்கும டப்பா வந்தது. அடுத்து இன்னொன்று. அவருக்கு வந்த யோசனை ஊரில் வேறு பலருக்கும் வந்திருக்கிறது. மொத்தம் ஐந்து டப்பா. முதலாவதில் காய்ந்த பூ. இரண்டாவதில் அறுந்த தாலிக் கயிறு, அதைப் பார்த்ததும் மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது காலி. நாலாவதைத் தவ்ஹீத் திறந்தார்.

"யா அல்லா" என்றார்.

அடியில் கால் டப்பாவுக்குக் குங்குமம். அதற்குள் தலைகீழாக எங்கள் வண்டு. மழைத்தண்ணீர் போகவில்லை, எறும்பு அண்டவில்லை. ஆனால் உடம்பெல்லாம் குங்குமம். நான் அழுதேன். நடுரோட்டில் நின்று மூக்கு ஒழுக அழுதேன். வெட்கமாக இல்லை.

மென்தூரிகையால் துடைக்க மூன்று மணி நேரம் பிடித்தது. கணுக்களுக்குள் போன குங்குமம் போகவே இல்லை, இனியும் போகாது. மிச்சமிருந்த மூன்று காலில் ஒன்று டப்பாவுக்குள் ஒடிந்து கிடந்தது. அதைத் தனி அட்டையில் ஒட்டி வைத்தேன். பிறகு தவ்ஹீத் என் பதிவேட்டை எடுத்து வாய்விட்டுப் படித்தார், நான் உருப்பெருக்கியில் பார்த்துச் சொன்னேன். வலது முன்கால் இல்லை. இல்லை. மீசை மூன்றாவது கணுவோடு முறிவு. ஆமாம். இடது சிறகு ஓட்டில் துளை, அவரை விதை வடிவம். ஆமாம், இருக்கிறது. ஊசி ஏறிய பழைய ஓட்டையும் என் அளவோடு பொருந்தியது. முழு வண்டைக் கழற்றிவிட்டு, இதை அதே ஊசியில் திரும்ப ஏற்றினேன். நான் குத்தங்குறை எழுதி வைத்திருந்ததால்தான் இது அதுதான் என்று எங்களால் சொல்ல முடிந்தது.

அதற்கப்புறம் அதைப் பர்மா வண்டோடு வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வேற அக்கா. வயித்துப் பக்கம் பாருங்க, புள்ளி அடர்த்தியே வேற. சத்தியமா வேற."

மானகிரி நின்றது.

பாக்கி இருந்தது ஒரு வேலை. எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மூலமாதிரிக்கு எது நேர்ந்தாலும் பழைய சீட்டைக் கழற்றக்கூடாது, நேர்ந்ததை ஒரு புதுச் சீட்டில் எழுதி அதே ஊசியில் சேர்க்க வேண்டும். யார், என்றைக்கு, என்ன செய்தார் என்று பெயரோடு எழுத வேண்டும். அந்தச் சீட்டையும் பிற்பாடு யாரும் கழற்றக்கூடாது. நடந்தது முழுவதையும் ஆச்சிக்கு எழுதி அனுப்பிவிட்டு, மறுநாள் சீட்டு எழுத உட்கார்ந்தேன். சார் கைக்குட்டை இல்லாமல் உள்ளே வந்து நின்றார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

"வீரலட்சுமி, எம் பேரு அதுல வேணாமே" என்றார். "அறியாம செஞ்சது. ஊசிக்கு அடியிலதான, யாரு பாக்கப் போறா? பேரு இல்லாம எழுதேன்."

"ஒங்க பேரு இந்த வீட்டுல நிரந்தரமா இருக்கணும்ன்டுதான சார் கேட்டுக்கிட்டே இருந்தீக?" என்றேன்.

அவர் திரும்பி வெளியே போனார். போகும்போது முதுகு கூனியிருந்தது. இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. ஆச்சியிடமிருந்து பதிலும் வரவில்லை. அவர் நாற்காலி அப்படியே இருந்தது, என் ஒப்பந்தமும் ஒரு மாதம் தள்ளிப் புதுப்பிக்கப்பட்டது. கருங்கல் பலகைக் கடிதம் மட்டும் அதற்கப்புறம் போகவில்லை.

சீட்டு சுண்டுவிரல் அகலம்தான். ஒரு பெயருக்குத்தான் இடமிருந்தது என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மெல்லிய பேனாவை எடுத்து, எழுத்தை இன்னும் சிறிதாக்கி இப்படி எழுதினேன்: "பின்னம் என்று கழற்றியவர் மருதுபாண்டி. பார்க்காமல் சரி என்று கையெழுத்திட்டவர் வீரலட்சுமி." தேதி போட்டு, சிவப்புச் சீட்டுக்குக் கீழே ஊசியில் கோத்து, பெட்டியை மூடினேன்.